தம்பியைக் கொப்பரையில் போடத் தோன்றியது

எனக்கு ஒன்பது வயதில் தம்பியைக் கொல்லத் தோன்றியது. ஆசைப்பட்டுத் தோன்றவில்லை. அவன் என்றால் எனக்கு உயிர். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோன ஒரு நாள், பாகூரில் எங்கள் கரும்பு ஆலையில் வெல்லக் கொப்பரை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. இவனை இதில் போட்டுவிடுவேன் என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. கஞ்சியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

அதற்கப்புறம் அருவாமனையைப் பார்த்தாலும் அதே நினைப்பு, உலக்கையைப் பார்த்தாலும் அதே நினைப்பு. கைகளைப் பாவாடையில் சுருட்டி வைத்துக்கொண்டு திரிந்தேன். பொறுக்க முடியாமல் அப்பாவிடமே சொன்னேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் செய்ததில்லை.

தம்பி அப்பாவின் இரண்டாம் தாரத்துப் பிள்ளை. என்னைப் பெற்றவள் செத்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆகவே யாரும் மூளையைக் கசக்கவேண்டியிருக்கவில்லை. செத்தவள் சக்களத்தி பிள்ளையைக் காவு கேட்கிறாள், அதற்குத்தான் என் உடம்பில் இறங்கியிருக்கிறாள் என்று முடிவாகிவிட்டது. உயிரோடு இருந்தபோது கோழி அறுப்பதைக்கூடப் பார்க்க மாட்டாமல் கண்ணை மூடிக்கொண்டவள் என் அம்மா.

பேயோட்டுகிற பூசாரி பெண்ணையாற்றுக்கு அக்கரையில், இங்கிலீஷ்காரன் எல்லையில் இருந்தான். அவனுக்குச் சேவலும் எலுமிச்சம்பழமும் போதாது. எங்கள் பிரெஞ்சு எல்லைச் சாராயம் ஒரு புட்டி வேண்டும். அப்பா அதைச் சேவல் கூடைக்கு அடியில் ஒளித்தார். பேய் பிடித்த பிள்ளை வருகிறது என்றால் சுங்கச் சாவடிக்காரன் கிட்டே வரமாட்டான் என்று நினைத்தார். அவன் வந்தான். புட்டியும் போயிற்று, சேவலும் போயிற்று. வெறுங்கையோடு போய் நின்றதில் பூசாரிக்கு வந்த ஆத்திரம் முழுக்க என் முதுகில் இறங்கியது.

“யாருடி நீ? சொல்லு!”

பச்சைப் புளிய விளார். அம்மா பேரைச் சொன்னால் நிறுத்துவான் என்று தெரிந்தது. சொன்னேன். எதற்கு வந்தாய் என்றான். “புள்ளயக் கொல்ல வந்தேன்” என்றேன். அதைச் சொன்னால்தான் விடுவான் என்று ஒன்பது வயதுக்குத் தெரியாதா? என் முடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணி வைத்து அடித்தார்கள். அம்மா இனி அந்த மரத்தை விட்டு வரமாட்டாள் என்றார் அப்பா. வழி நெடுக அழுதேன். அடி வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

நினைப்பு மட்டும் போகவில்லை. அதையும் சொல்லித் தொலைத்தேன். இப்போது பழிபோட அம்மாவும் இல்லை. அப்பா “கொலகாரி” என்று என்னை மாட்டுக்கொட்டகைக்குத் துரத்தினார். சோறும் அங்கேதான். தம்பி என்னைப் பார்த்துக் கை நீட்டினால் அந்தக் கையிலும் ஒரு அடி விழும். இனி அவனைத் தூக்கவே விடமாட்டார்களே என்பதுதான் எனக்குப் பெரிய துக்கம். விட்டால் என்ன செய்வேனோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

சின்னம்மாதான், அவனைப் பெற்றவள்தான், இதை முடித்தாள். அவளைத் தெய்வம் என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன வயசு, வாயைத் திறந்தால் வசவு. அப்பா வெல்லம் விற்கப் புதுச்சேரி போயிருந்தார். பாகு கிண்ட அவள் போகவேண்டும், பிள்ளையைத் தூக்க ஒரு இடுப்பு வேண்டும், அவ்வளவுதான். தம்பியைக் கொண்டுவந்து என் இடுப்பில் வைத்தாள்.

“வேணாம் சின்னம்மா. போட்டுடுவேன்.”

“போட்டுத்தான் பாரேன். வாடி.”

ஆலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொப்பரைக்குச் சற்றுத் தள்ளி நிற்கவைத்தாள். தம்பி என் காதைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“தோணுதா?”

“தோணுது.”

“தோணட்டும். நில்லு.”

பாகு பதம் வரும் வரை நின்றேன். நினைப்பு வந்தது, போனது, மறுபடி வந்தது. தம்பி என் தோளில் தூங்கிவிட்டான். மறுநாளும் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்குக் கேட்டேன்.

“எனுக்கு மட்டும் ஏன் சின்னம்மா இப்டி?”

அவள் பாகு கிண்டுகிற துடுப்பை நிறுத்தவில்லை. “உனுக்கு மட்டுமா? கெணத்தாண்ட நீ நிக்கறப்பல்லாம் எனுக்குந்தான் தோணுது, தள்ளிவுட்டா இன்னான்னு. உங்கம்மா மூஞ்சியே உனுக்கு, பாத்தாலே எரியுது. தள்ளனனா? சோறு போட்டுக்கினுதான இருக்கறேன்?”

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. தோன்றுகிறவர்கள் எல்லாரும் செய்துவிடுவதில்லை. கரும்பு வெட்டு முடிவதற்குள் நினைப்பு வருவது குறைந்தது. வந்தாலும் தம்பியை இறக்கிவிடாமல் நின்றேன். புதுச்சேரியிலிருந்து திரும்பிய அப்பா கத்தியபோது, சின்னம்மா “எம்புள்ள, நான் குடுக்கறேன்” என்று அவர் வாயை அடைத்தாள்.

அந்த வீட்டில் என்னை நம்பியவள் அவள் ஒருத்திதான், அதுவும் தன் பிள்ளையைக் கொடுத்து. ஆனாலும் அவள் தண்ணீர் சேந்த வரும்போதெல்லாம் நான் கிணற்றடியை விட்டு எழுந்து போய்விடுவேன். கல்யாணமாகிப் புறப்படும் நாள் வரை அப்படித்தான். ஏன் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.