என்னிடமே விசாரிக்கச் சொன்னார்கள்

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் சாலையில், வண்டி உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அங்கிருந்த அறுபது கம்ப்யூட்டருக்கும் நான் ஒருத்தன்தான் ஆள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சர்வர் நின்றாலும் என்னைத்தான். எல்லோருடைய மெயிலையும் திறக்கிற பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. அப்படி ஒன்று உண்டு என்பதே மற்றவர்களுக்குத் தெரியாது.

முதல் தடவை ஜெனரல் மேனேஜரே சொல்லித்தான் அவருடைய மெயிலைத் திறந்தேன். ஏதோ ஒரு கடிதம் வந்து சேரவில்லை என்றார், தேடிக் கொடுத்தேன். இன்னொரு நாள் அவர் சொல்லாமலே திறந்தேன். காரணம் ஒன்றுமில்லை. மதியம் சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் தினமும் பேப்பர் படிக்கிற மாதிரி ஆகிவிட்டது. யாருக்கு பதவி உயர்வு, யார்மேல் யார் புகார் கொடுத்திருக்கிறார்கள், எல்லாம் தெரிந்துகொண்டு ஒன்றும் தெரியாதவன்போல எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தேன். எதையும் எடுக்கவில்லை, அழிக்கவில்லை, பார்க்கத்தானே செய்கிறேன் என்று இருந்தேன். குற்றம் என்ற வார்த்தை அப்போது மனதில் வந்ததே இல்லை.

கொரோனா ஓய்ந்த பிறகு ஒரு மே மாதம், அந்த மெயில்களில் ஒரு பட்டியலைப் பார்த்தேன். பிரஸ் மெஷின்களை ஆந்திராவில் உள்ள இன்னொரு ஆலைக்கு மாற்றப்போகிறார்கள். இருபத்திரண்டு பேருக்கு வேலை இல்லை. ஏழாவது பெயர் என் சிநேகிதனுடையது. கே.ஜி.கண்டிகையில் ஏறி, கம்பெனி பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவன். மகளை அரக்கோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் சேர்க்க, பழைய பள்ளியில் டி.சி. வாங்கிவிட்டதாக அந்த வாரம்தான் சந்தோஷமாகச் சொல்லியிருந்தான்.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் பஸ்ஸில், ஸ்கூல் மாற்றுகிற வேலையைத் தள்ளிப்போடு என்றேன். ஏன் என்று கேட்டான். சொல்லிவிட்டேன்.

இறங்கும்போது அவன் சொன்னான்: “உனக்கு எப்படித் தெரியும்னு நான் கேக்கலபா. யாராண்டயும் சொல்லவும் மாட்டேன்.”

மனைவியிடம் மட்டும் சொன்னான். அவள் தன் அக்கா வீட்டுக்காரரிடம், தன் பாவாவிடம், சொன்னாள். அவரும் என் சிநேகிதனோடு அதே பிரஸ் பிரிவில்தான் வேலை பார்த்தார். திங்கட்கிழமை காலையில் இருபத்திரண்டு பேரும் கேட்டில் நின்றார்கள்.

பத்து மணிக்கு ஜெனரல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு கதவைச் சாத்தச் சொன்னார். அந்தப் பட்டியல் தெரிந்தவர்கள் அவரும், ஹெச்.ஆர். மேனேஜரும், அதை டைப் செய்த பெண்ணும்தான் என்றார். அந்தப் பெண்ணின் லேப்டாப்பையும் போனையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் பக்கம் நகர்த்தினார். யார் வெளியே விட்டது என்று நான்தான் கண்டுபிடித்துத் தரவேண்டுமாம். நான் கவரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவள் மணவூரிலிருந்து ரயிலில் வந்து போகிறவள். இரண்டு பிள்ளைகள். அவளை அவள் சீட்டில் உட்காரவிடாமல் ரிசப்ஷனில், வெளியாட்கள் உட்காரும் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். டீ குடிக்கப் போகிறவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் கடந்து போனபோது எழுந்து வந்தாள். “பாவம் பாக்காம நல்லா தேடுங்கண்ணா. என்கிட்ட ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா போதும்.”

அந்த லேப்டாப்பை இரண்டு நாள் வைத்திருந்தேன். தேடுவதற்கு ஒன்றுமில்லை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆனாலும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது கதவைத் தள்ளினால் வேலை செய்வதுபோல் தெரியவேண்டும். மூன்றாம் நாள், எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஹெச்.ஆர். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, “ஒண்ணும் இல்லன்னா அழிச்சிட்டாங்கன்னு அர்த்தம்” என்றார். சஸ்பெண்ட் ஆர்டர் தயாராகிக்கொண்டிருந்தது. நான் நேராக ஜெனரல் மேனேஜர் அறைக்குப் போனேன்.

“சார், அவங்க இல்ல. நான்தான் மெயிலைப் பாத்து வெளிய சொன்னேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எத்தனை நாளாகப் பார்க்கிறாய் என்று கேட்டார். நாலு வருஷம் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பட்டியலைப் பற்றி அவர் பேசவே இல்லை.

“என்னோடது எல்லாமே படிச்சியா?”

“ஆங், சார்.”

தன் உடம்பைப் பற்றி டாக்டருக்கு எழுதியது, தங்கையோடு நடந்த சண்டை எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்திருக்கும். நாலு வருஷத்தில் அந்த ஒரு நிமிடம்தான் நான் என்ன செய்தேன் என்று எனக்குப் புரிந்தது.

சென்னை தலைமை அலுவலகத்தோடு இரண்டு நாள் போனில் பேசினார்கள். சட்டப்படி இது ஜெயிலுக்குப் போகக்கூடிய குற்றம் என்று வக்கீல் சொன்னாராம். போலீசுக்குப் போனால் வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்துவிடும் என்று இன்னொருவர் சொன்னாராம். கடைசியில் ராஜினாமா கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் உடனே வெளியே அனுப்ப முடியவில்லை. எந்தக் கருவிக்கு எந்த பாஸ்வேர்டு என்று வேறு யாருக்கும் தெரியாது. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். மூன்று வாரம் நான் சொல்லச் சொல்ல அவர் டைப் செய்தார். கீபோர்டைத் தொட எனக்கு அனுமதி இல்லை. கேன்டீனுக்குப் போனால் செக்யூரிட்டி கூடவே வருவார், பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

அந்தப் பெண்ணைத் திரும்ப அவள் சீட்டில் உட்காரவைத்தார்கள். கம்பெனி சார்பில் யாரும் அவளிடம் மன்னிப்பு கேட்டதாகத் தெரியவில்லை. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பார்த்தபோது நான் கேட்டேன்.

“எம்மேல பழி வந்ததைக்கூட விடுங்க. உண்மை தெரிஞ்சும் என் போனை ரெண்டு நாள் வச்சிகினு இருந்தீங்க. என் பசங்க போட்டோ, நான் எங்க அம்மாக்கு அனுப்பின மெசேஜ் எல்லாம் அதுல இருந்துச்சி” என்றாள்.

போனை நான் திறக்கவே இல்லை. அது நிஜம். ஆனால் அதைச் சொல்லவில்லை. நான் சொல்லி அவள் ஏன் நம்பவேண்டும்? அண்ணா என்று கூப்பிடாமல் அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. பாட்டிலை மூடிக்கொண்டு போனாள்.

ஜூன் கடைசியில் இருபத்திரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள். முன்பே தெரிந்ததால் சிலர் வேறு இடத்தில் பேசி வைத்திருந்தார்கள். என் சிநேகிதன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்விட்டான். அவன் வாயை விட்டதால்தான் என் வேலை போனது என்று இன்றைக்கும் நினைக்கிறான். அப்படியில்லை என்று பலமுறை சொல்லிவிட்டேன். கேட்டுக்கொள்கிறான், நம்புவதில்லை.

நான் நாலைந்து கம்பெனிகளில் நேர்காணலுக்குப் போனேன். ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்ட இடத்தில் எல்லாம் உள்ளதைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுவிட்டு அனுப்பினார்கள், யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. கடைசியில் திருத்தணி பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு பாயிடம் போனேன். அவரிடமும் சொன்னேன். கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தார்.

“கடைல கேமரா இருக்குது. கஸ்டமர் எதிர்லதான் திறக்கணும், எதிர்லதான் மூடணும். காலைல ஒன்பது மணிக்கு வாங்க.”

எட்டரைக்கே போய்விட்டேன். கடை திறந்திருக்கவில்லை.