டைம் ஆபீஸ் அக்கா

விஜயா அக்கா போய்விட்டார் என்ற செய்தி, மாலை ரயில் பெங்களூரை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்தில் வந்தது. எங்கள் பெட்டியின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய கணவர் போட்டிருந்தார். அதற்கு மேலேயே, அன்று காலை அக்கா அனுப்பிய கடைசிச் செய்தி இருந்தது: "இன்னிக்கி நான் வரல. மாரு வலிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போறேன். வூட்டுக்காரரு கூட கீறாரு. நீங்கல்லாம் ஏறிட்டீங்களா?" ஏறிவிட்டோம் என்று நாங்களும் ஒருவர் பின் ஒருவராகப் பதில் போட்டிருக்கிறோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற மனுஷிக்கு இந்தக் கவலை எதற்கு என்று எனக்குக் கோபமாக வந்தது. பிறகு அழுகை வந்தது.

மாரிகுப்பம் ரயிலில் பெண்கள் பெட்டியில் போகிறவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. எங்கள் சுரங்க ஊரின் நந்திதுர்க் பகுதியில் வீடு, பெங்களூரில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. விடியும் முன் எங்களோடு ஏறி, இருட்டிய பிறகு எங்களோடு இறங்குவார். மாலையில் வண்டி கிளம்பும் முன் ஜன்னல் ஓரத்தில் நின்றுகொண்டு எங்கள் ஒவ்வொருவர் பேரையும் கூப்பிடுவார். எல்லாரும் குரல் கொடுத்த பிறகு, "நானும் கீறேன். வண்டி போலாம்" என்பார். டிரைவர் இவர் உத்தரவுக்குத்தான் காத்திருக்கிறார் போல இருக்கும். நாங்கள் வைத்த பெயர் டைம் ஆபீஸ் அக்கா.

அந்தப் பெயர் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஊரில் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில், கீழே இறங்குகிறவர்கள் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீசில் எண் போட்ட பித்தளை வில்லை வாங்கிக்கொண்டுதான் போவார்கள். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்தால், பலகையில் அதற்குரிய ஆணியில் மாட்டுவார்கள். பலகையில் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஒரு மனிதர் இன்னும் பூமிக்குள் இருக்கிறார் என்று பொருள். அப்படிக் காலியாக இருந்த அப்பாவின் ஆணியைப் பார்த்துக்கொண்டு தன் அம்மாவோடு நின்ற ஒரு நாளைப் பற்றி அக்கா ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அப்பா வந்துவிட்டார், ஆனால் அந்த ஆணி மனசை விட்டுப் போகவில்லை என்றார்.

அக்கா தினமும் இப்படிப் பேர் கூப்பிடுவது எங்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. வேலைக்குப் போகிற பெண்களை எதற்கு ஆடு மாடு மாதிரி எண்ண வேண்டும்? ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "இன்னாடி, கோச்சிக்கிற? நீ எங்க வேணா போ. யாரோட வேணா போ. போறது தப்பே இல்ல. ஒருத்தர் கிட்டயாவது சொல்லிட்டுப் போ" என்றார். அதற்கு மேல் அவர் உபதேசம் செய்து நான் கேட்டதில்லை. திட்டுவார், அது வேறு.

பவானி வராத மாலையை எங்கள் பெட்டியில் யாரும் மறக்க முடியாது. பவானி எங்கள் ஊரின் பாலகாட் பகுதிப் பெண், இருபது வயது. செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் வேலை. அப்பாவுக்கு நுரையீரல் கெட்டு வீட்டோடு இருந்தார். தம்பி கல்லூரியில். வீடு முழுக்க அவள் சம்பளத்தில் ஓடியது. ரயிலில் நின்றுகொண்டே ரீல்ஸ் எடுத்துப் போடுவாள். அன்று அவள் பேருக்குப் பதில் வரவில்லை. போன் அணைந்திருந்தது. ஓவர்டைமாக இருக்கும் என்றோம். அக்கா கேட்கவில்லை. அவளுடைய சிநேகிதி திவ்யாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியும். சொல்லு."

"சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணிருக்கேன்க்கா."

"ப்ராமிஸ அப்பறம் பாத்துக்கலாம். வண்டி நகருது, இப்ப சொல்லு."

திவ்யா அழுதுகொண்டே சொன்னாள். ரீல்ஸ் பார்த்து ஒருவன் பழகியிருக்கிறான். வெளிநாட்டில் வேலை, மூன்று மடங்கு சம்பளம், இன்றிரவே விமானம். ஹெப்பாள் பஸ் நிறுத்தத்தில் நின்றால் கார் வரும். போய்ச் சேரும்வரை யாருக்கும் சொல்லக் கூடாது, வீட்டுக்குக்கூட. "யாருக்கும் சொல்லாதன்னு ஒருத்தன் சொன்னா அங்க மேக்கூர நிக்காதுடி!" என்று, சரியப்போகும் சுரங்கத்தைப் பற்றிச் சொல்வது போல, அக்கா கத்தினார். அடுத்த நிறுத்தம் கன்டோன்மென்ட். அவர் இறங்கினார். ஏன் என்று யோசிக்காமல் நானும் குதித்தேன்.

ஹெப்பாளுக்கு ஆட்டோ பிடித்தோம். பவானி வீட்டுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அவங்கப்பனுக்கு மூச்சு நின்னுடும். மொதல்ல பொண்ணு" என்றார். ஒவ்வொரு சிக்னலிலும் ஆட்டோ நின்றபோது நான் மணியைப் பார்த்தேன். போகும்போது அவள் அங்கே இல்லாவிட்டால் யாரிடம் போய் என்ன சொல்வது?

இருந்தாள். மடியில் பையை வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்ததும் எழுந்து நகரப் பார்த்தாள். அக்கா கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டியா?" என்று டிபன் டப்பாவைத் திறந்தார். மதியம் மிச்சம் வைத்த புளிச்சாதம்.

"என்ன தடுக்காதீங்கக்கா. எல்லாரும் என் கையத்தான் பாத்துட்டு கீறாங்க. எத்தினி வருசம் இந்த ட்ரெயின்லயே கெடக்கறது?"

"தடுக்கல. போறதுன்னா போ. கார் வரட்டும். அவன் மூஞ்சிய நான் பாக்கணும், நம்பர போட்டோ எடுக்கணும். அவ்ளோதான்."

கார் வந்தது. வேகம் குறைந்து, கண்ணாடி பாதி இறங்கியது. அக்கா எழுந்து போய் வண்டிக்கு நேரே போனை நீட்டிக்கொண்டு, "தம்பி, எந்தக் கம்பெனி? ஆபீஸ் எங்க கீது?" என்று கேட்டார். உள்ளே இருந்தவன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகுதான் பவானி அழுதாள். அந்தப் படத்தை மறுநாளே போலீசில் கொடுத்தோம்.

விஷயம் தெரிந்ததும் பாலகாட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: இந்தக் காலத்துப் பிள்ளைகளை செல்போன் கெடுக்கிறது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பவானி வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவளுடைய அம்மா போனைப் பிடுங்கி பீரோவில் வைத்திருந்தார். "மொதல்ல அத எடுத்துக் குடுங்க. அவ எங்க கீறான்னு எப்படித் தெரியும்?" என்றார் அக்கா. பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். "ஒரே பொண்ணு தலையில இவ்ளோ ஏத்தினா, எந்த வண்டி வந்தாலும் ஏறத்தான் செய்வா. நீ இன்னா பண்ற?" அடுத்த மாதம் அவன் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் மாலை நேர வேலைக்குச் சேர்ந்துகொண்டான். அவன் சம்பளம் அப்பாவின் மருந்துக்குப் போகிறது. பவானி இப்போது தபாலில் பட்டப்படிப்பு படிக்கிறாள். ரீல்சும் போடுகிறாள்.

இளைஞர்களுக்குப் பொறுப்பு வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. பொறுப்பு இல்லாமலா ஒரு பெண் விடியும் முன் ரயிலேறுகிறாள்? அவளுக்கு இருந்ததெல்லாம் பொறுப்புதான். நீ வந்து சேர்ந்தாயா என்று கேட்க ஓர் ஆள்தான் குறைவாக இருந்தது. இதை நான் அக்காவிடம் சொல்லியிருந்தால், "பெரிய மேடைப் பேச்சாளி" என்று கிண்டல் செய்திருப்பார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எங்கே போனாலும் யாராவது ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் திரும்பும்வரை போனைக் கையில் வைத்திருக்கிறேன். அவரும் அந்தக் கடைசிக் காலையில் எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

காரியம் முடிந்து நாங்கள் வேலைக்குப் போன முதல் நாள், மாலையில் பெட்டி நிறைந்தது. அக்கா நிற்கும் ஜன்னல் ஓரத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. விசில் ஊதும் நேரத்தில் பவானி எழுந்து அங்கே போய் நின்றாள். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். குரல் கொடுத்தோம். எல்லாப் பேரும் முடிந்தன. பிளாட்பாரத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"நானும் கீறேன்" என்றாள். "வண்டி போலாம்."