மூன்று தட்டு

எங்கள் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக், லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்கினால் யாரோடோ பேசுகிறார் என்று எனக்குச் சொன்னவர் இரண்டாம் மாடிக்காரர். அவருக்குச் சொன்னவன் வாட்ச்மேன். "இறங்குறது ஒருத்தர், கேக்குறது ரெண்டு குரல்" என்றானாம். நான் இருப்பது ஒன்பதாம் மாடி. லிஃப்டில் ஏறப் பயந்து ஒரு வாரம் படியேறி முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். பொறுக்காமல் அவரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "பேசலை சார். என்னையே திட்டிக்கிறேன். என் மச்சான் குரல்ல."

மச்சான் என்றால் தங்கையின் கணவர். தொழிலில் 'முள்ளு' என்றால்தான் தெரியும். இவரைவிட இரண்டு மாதம் இளையவர். பதினோரு வருஷம் ஜோடியாக வேலை. முள்ளு உச்சியில் மோட்டார் அறையில், இவர் அடியில் குழியில். முள்ளுவின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை விழுந்ததில்லை.

"என் பொண்டாட்டி டிபன் டப்பாவை இதைவிட இறுக்கமா மூடுவாடா" என்பாராம்.

"அவ என் தங்கச்சிடா."

"அதான். உங்க குடும்பத்துல ஒரு ஆளாவது தேறுச்சேன்னு சொல்றேன்."

முள்ளு வைத்த சட்டம் ஒன்று இருந்தது. லிஃப்டை அசைக்குமுன் அது ஓடும் தண்டவாளத்தில் மேலிருந்து ஸ்பானரால் மூன்று தட்டு. கீழே இருப்பவர் குழியைவிட்டு வெளியே வந்து நின்று, பதிலுக்கு மூன்று தட்டு. பிறகுதான் சுவிட்ச். ஒருநாள் இவர் சோம்பல்பட்டுக் குழிக்குள் இருந்தபடியே தட்டிவிட்டார். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்ட முள்ளு பத்து மாடியும் இறங்கி வந்தார். இவரைக் குழிக்குள்ளேயே உட்காரவைத்து, விளக்கை அணைத்து, தலைக்கு மேல் ஒரு மணி நேரம் லிஃப்டை ஏற்றி இறக்கினார்.

"முதல்ல காத்து வரும் சார். அப்புறம் எண்ணெய் வாசனை. அப்புறம் இருட்டைவிடக் கறுப்பா ஒண்ணு வந்து தலைக்கு மேல நிக்கும். மூச்சு விடுற மாதிரியே இருக்கும்."

அன்று குழியிலிருந்து ஏறிய இவர் ஸ்பானரை வீசினார். "நீ செத்தாக்கூட எனக்குச் சொல்லியனுப்பக் கூடாது" என்றார். தங்கையிடமும் அதையே சொன்னார். அவளுக்கும் ரோஷம். ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

"திட்ட ஆளில்லைன்னு நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஆனா நட்டுல கை வெச்சா காதுக்குள்ள அவன். 'இதுக்குப் பேரு இறுக்கமா?' மறுபடி இறுக்குவேன். என் லிஃப்ட் ஒண்ணுகூட நடுவுல நின்னதில்லை சார். அதெல்லாம் என் கைராசின்னு நினைச்சுட்டிருந்தேன்."

இது போன மாதம் பேசியது.

இன்று காலை பதினொரு மணிக்கு நான் கீழே வந்தபோது, லிஃப்ட் வாசலில் தரையோடு உட்கார்ந்திருந்தார். அருகில் வாட்ச்மேன் கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

கீழ்த்தள மெயினை மட்டும் அணைத்துவிட்டு, லிஃப்டை அசையவிடாமல் நிறுத்தும், குழியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தாமல் இறங்கியிருக்கிறார். உயரமான ஸ்டூல்மேல் நின்று கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது மேலிருந்து மூன்று தட்டு. யோசிக்கவேயில்லை, உடம்பு தானாக வெளியே ஏறிவிட்டது. பதிலுக்குத் தட்ட ஸ்பானரை ஓங்கினார். லிஃப்ட் இறங்கி வந்து நின்றது. ஸ்டூல் நொறுங்கியது. கரண்ட் போய்விட்டதாக நினைத்து மெயினைப் போட்டவன் வாட்ச்மேன்.

"மேல யாரு இருந்தா?" என்று கேட்டேன்.

இடுப்பிலிருந்த சாவியைக் காட்டினார். மோட்டார் அறைக்கு அது ஒன்றுதான் சாவி.

"ஏதாவது கம்பி தளர்ந்து அடிச்சிருக்கும்."

"மூணே தடவையா சார்? மூணாவது தட்டு கொஞ்சம் தாமதிச்சு, ஓங்கி விழுந்துச்சு. அவன் அப்படித்தான் தட்டுவான்." சட்டைப்பையைத் தடவினார். "அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா எனக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. நான்தானே வேண்டாம்னேன்."

போனை எடுத்துத் தங்கை வீட்டு எண்ணை அழுத்தினார். இருமுறை எண் தவறியது. ஸ்பீக்கரில் மணி அடிக்க ஆரம்பித்தது.

"எடுத்தா என்ன சொல்வீங்க?"

"பொத்தானை அழுத்த மறந்துட்டேன்டான்னு சொல்வேன். அவன் திட்டணும் சார். வாய் வலிக்கிற வரைக்கும் திட்டணும்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. குளித்துக்கொண்டிருப்பார்கள், கடைக்குப் போயிருப்பார்கள், போனை வேறு அறையில் வைத்திருப்பார்கள். வீட்டை விட்டுத் தூரத்தில் இருக்கும் எனக்கு இந்தச் சமாதானங்கள் எல்லாம் மனப்பாடம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

அவருடைய வலது கை, அவருக்கே தெரியாமல், ஸ்பானரால் கதவுச் சட்டத்தைத் தட்டியது. ஒன்று. இரண்டு. கொஞ்சம் பொறுத்து மூன்று.

பிறகு தலையைச் சாய்த்து, மேலே மோட்டார் அறைப் பக்கத்தையும் கையிலிருந்த போனையும் மாறி மாறிக் கவனித்தார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.