மூடுவதற்கு ஐந்து கைகள்

கும்பகோணத்தில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஜப்பான் என்று கேட்டால் கடை வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். நான் ஜப்பானுக்குப் போனதில்லை. பம்புசெட் உதிரி பாகம் விற்கிறேன். எங்கள் ஊருக்கும் ஜப்பானின் வடக்கே பனி கொட்டுகிற ஒரு நெல் ஊருக்கும் நாற்பது வருடமாக ஒரு நட்புறவுச் சங்கம் இருந்தது. கடைசி இருபது வருடம் நான்தான் செயலாளர். என்னுடைய தகுதி, கூட்டம் போடக் கடைக்கு மேலே ஒரு மாடி இருந்ததுதான்.

தை மாதத்தில் அங்கிருந்து ஏழெட்டுப் பேர் வருவார்கள். நீடாமங்கலம் பக்கம் வயல் பார்க்க அழைத்துப் போவோம். வரப்பில் நடந்து, முறை வைத்தாற்போல ஒவ்வொருவராகச் சேற்றில் விழுவார்கள். எழுந்ததும் மிதிபட்ட பயிரைப் பார்த்துக் குனிந்து மன்னிப்புக் கேட்பார்கள். வயல்காரரும் வேறு வழியில்லாமல் பதிலுக்குக் குனிவார்.

போன வருடம் கடிதம் வந்தது. தங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் வயதாகிவிட்டதாம், சங்கத்தை மூடுகிறார்களாம். மூன்று தடவை படித்தேன். உள்ளங்கை வியர்த்தது, இடது தோள் இழுத்தது. நெஞ்சுவலி என்று முடிவுகட்டி, இரண்டு தெரு நடந்தே போய் டாக்டரைப் பார்த்தேன். நெஞ்சுவலிக்காரன் நடக்கக் கூடாது என்பது திரும்பி வரும்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஈசிஜி நல்லா இருக்கு. வீட்ல ஏதாவது கெட்ட சேதியா?"

"ஜப்பான் போயிடுச்சு டாக்டர்."

"போயிட்டு வரட்டும். நீங்க காபியைக் குறைங்க."

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எண்பது தாண்டியவர். நாமும் மூடிவிடலாம் என்றார். ஒருதலைக் காதல் என்று ஒன்று இருக்கும்போது ஒருதலை நட்புச் சங்கம் இருக்கக் கூடாதா என்று வாதாடினேன். அவர் சிரிக்கவில்லை. பொதுக்குழுவைக் கூட்டுங்கள் என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒரு தெம்பு வந்தது. சங்கத்தை மூட, பதிவேட்டில் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கை தூக்க வேண்டும் என்பது எங்கள் விதி. பதிவேட்டில் முப்பத்தொரு பேர். அதில் இருபத்து நான்கு பேர் இறந்தவர்கள். முதலில் போனவர் எங்கள் பொருளாளர், வெற்றிலை வியாபாரி. அந்த வருடக் கூட்டத்தில் வருகைப்பதிவு எடுத்தபோது வாய்தவறி அவர் பெயரையும் வாசித்துவிட்டார்கள். "இருக்கார்னு போடுங்க" என்றார் தலைவர். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. யார் பெயரையும் அடிப்பதில்லை. உயிரோடிருப்பவர்கள் கல்யாணம், காதுகுத்து என்று நழுவுவார்கள். இறந்தவர்கள் ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை.

இந்தக் கணக்கில் சங்கத்தை ஒருநாளும் மூட முடியாது என்ற சந்தோஷத்தை உறுதி செய்துகொள்ளப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா பதிவேட்டைப் புரட்டினார்.

"செத்தவங்கல்லாம் ஏன் சார் உறுப்பினரா இருக்காங்க?"

"யாரும் ராஜினாமா குடுக்கலைங்க."

"பேரை அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. உயிரோட இருக்கறவங்கதான் கணக்கு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து, ஸ்கேல் வைத்து இருபத்து நான்கு கோடு போட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"கோணலாப் போவுதே. கை ஏங்க நடுங்குது?"

"ஸ்கேல்தான் நடுங்குது."

அவள் ஸ்கேலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிக் கோடு வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

மிச்சம் ஏழு பேர். இரண்டு பேர் வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தோம். மூடுவதற்கு ஐந்து கை வேண்டும். அதாவது, நான் ஒருவன் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், சங்கம் பிழைத்துக்கொள்ளும். வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு அதிகாரம் வந்ததில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். ஐம்பத்துமூன்று வயதில், பரீட்சைக்குப் படிக்காத பையனைப் போல.

தலைவர் மூன்று படிக்கு ஒருமுறை உட்கார்ந்து மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்குவது நின்றதும், மூடச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். நான்கு கைகள் எழுந்தன, அவருடையதையும் சேர்த்து. என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க தூக்கலேன்னா அடுத்த வருஷமும் நான் இந்தப் படி ஏறணும்."

"நான் தூக்கிட்டு வரேன் சார்."

"எத்தனை வருஷம் தூக்குவீங்க?"

தொடைக்கு அடியில் கைகளை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டேன். அவர் என் முன்னால் திறந்து கிடந்த பதிவேட்டைக் காட்டினார். முதல் பெயர் அவருடையது. அதற்குக் கீழே வரிசையாகக் கோடுகள்.

"எனக்கும் ஒரு கோடு போடற வேலை உங்களுக்கு வேணாம். தூக்குங்க."

தூக்கினேன். ஐந்து என்று எண்ணினார். எண்ணி முடித்தும் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கையை இறக்கினாத்தானே தம்பி எழுத முடியும்" என்றார்.

இறக்கினேன். ஒருமனதாக என்று எழுதினேன். தீர்மானம் முடிந்ததும், இருபது வருடப் பழக்கத்தில், அதற்குக் கீழே 'அடுத்த கூட்டம்' என்று எழுதி நாளுக்கு இடம் விட்டுவிட்டேன். தலைவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார். விரலால் அந்த வரியை மறைத்துக்கொண்டு, இங்கே சார் என்று காட்டினேன்.