கீழ்வீட்டு மாவு மில்

புனே பக்கம் சாகணில் ஒரு தொழிற்சாலையில் பேரிங்குகளைச் சோதிப்பது என் வேலை. சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தால் போதும், எது தேய்ந்தது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

சர்க்கரை ஏறியதும் டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். புனே சாலையில் ஓட்டும் தைரியம் இல்லாததால், பின்சக்கரத்தை ட்ரெய்னர் ஸ்டாண்டில் மாட்டிப் படுக்கையறையிலேயே இரண்டு வருடம் மிதித்தேன். ஒரு நாள் கீழ்வீட்டிலிருந்து கரகரவென்று சத்தம் வர ஆரம்பித்தது. கீழ்வீட்டு மராத்தி அம்மாவை எல்லோரும் காகூ, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவோம்; அவரிடம் கோதுமை அரைக்கும் சின்ன மில் உண்டு. நான் பெடலில் கால் வைத்தால் அரைப்பார், இறங்கினால் நிறுத்துவார்.

"ஏனுங்க, நீங்க எறங்குனது அவங்களுக்கு எப்படிங்க தெரியுது?" என்றாள் மனைவி.

"அதான் வேணும்னே பண்றாங்கன்னு சொல்றேன்."

எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் புகார் நோட்டில் ஒரு பக்கம் எழுதினேன். காகூ மில்லை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று ஞாயிற்றுக்கிழமை கமிட்டி முடிவு செய்வதாக இருந்தது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. அன்று பராமரிப்புக்காகக் காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஃபேன் இல்லாமல் வியர்த்து வழிய மிதித்தேன். மில் ஓடியது.

கரண்ட் இல்லாமல் மில் எப்படி ஓடும் என்று எனக்குத் தோன்றவே கால் மணி நேரம் ஆனது. பின்சக்கரத்தைக் கழற்றிக் கையால் சுற்றினேன்; அதே கரகர. நின்ற இடத்திலேயே ஓடி ஓடி பேரிங் பாழாகிப் போயிருந்தது. முன்சக்கரம் வாங்கிய அன்றிருந்தபடியே இருந்தது. தெருவையே பார்க்காத சைக்கிள் எப்படித் தேயும் என்று இருந்துவிட்டேன்.

வெட்கத்தில் காது சுட்டது. சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கீழே போய், புகார் எழுதியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். காகூ சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"எங்க மில் தீபாவளியிலேர்ந்தே ரிப்பேர்ப்பா," என்றார் இந்தியில். "நீங்க புதுசா ஒண்ணு வாங்கிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

கதவுக்குப் பின்னால் ஒரு டப்பா நிறையக் கோதுமை, புடைத்து, கல் பொறுக்கித் தயாராக இருந்தது.

"அரைச்சுத் தருவீங்களான்னு கேக்கக் கூச்சமா இருந்துச்சு. இன்னைக்குக் கேட்டுடலாம்னு எடுத்து வெச்சேன்."

டப்பாவை வாங்கிக்கொண்டு தெருமுனை மில்லுக்கு நடந்தேன். அங்கும் கரண்ட் இல்லை. வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.