உங்கள் சித்தப்பா சாமியார் இல்லை

பிள்ளைகளே, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் ஒரே போனில் தலையை ஒட்டிக்கொண்டு ஒரு வீடியோ பார்த்தீர்கள். பள்ளிக்கூடத்தில் யாரோ அனுப்பியது. மலையில் ஒரு பாறை, அதற்கு மஞ்சள் துணி, மேலெல்லாம் சந்தனம், பக்கத்து மரத்தில் குட்டிக் குட்டித் தொட்டில்கள். நான் வீட்டுக்குள் வந்ததும் சின்னவன் கேட்டான்: "அப்பா, இது நம்ம சித்தப்பாவாமே. அந்தப் பாறையத் தொட்டா நோய் போயிருமாமே, நெசமா?" நான் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டேன். காலையில்தான் துடைத்திருந்தேன்.

நேரில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை விட்டவன், பிழை இருந்தால் பெரியவளே, நீ திருத்திக்கொள்.

உங்கள் சித்தப்பா சாமியார் இல்லை. அவனைச் சாமியார் ஆக்கியது நான்.

எனக்கும் அவனுக்கும் பதினொரு வயது வித்தியாசம். சீசனில் அவனைத் தோளில் வைத்துக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவேன். மெயின் அருவிக்குக் கீழே போனதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வான். தண்ணீர் விழுகிற சத்தத்துக்குப் பயப்படுகிறான் என்று நினைத்து, பயப்படாதே என்று தட்டிக்கொடுப்பேன். ஒருநாள் சொன்னான்: "தண்ணிச் சத்தம் நல்லாத்தாண்ணே இருக்கு. ஆள் சத்தந்தான் முடியல." அங்கே குளிக்கிறவர்கள் சந்தோஷத்தில் போடுகிற கூச்சல் உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டுக் காதைப் பொத்துகிற பிள்ளையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அப்போது சிரித்துவிட்டேன்.

படித்து முடித்ததும் சென்னையில் வேலை கிடைத்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போன் செய்து திட்டுகிறவர்களுக்கு நாள் முழுவதும் பொறுமையாகப் பதில் சொல்கிற வேலை. மூன்று வருடம் பார்த்தான். ஒரு பொங்கலுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டான். பெண் பார்க்கலாமா என்று உங்கள் அம்மா கேட்டதற்குச் சிரித்தான். பிறகு இலஞ்சி அண்ணாச்சி ஒருவரின் கிராம்புத் தோட்டத்தில், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், காவல் வேலைக்குப் போனான். ஒரு மழைக்காலம் முடிந்ததும் அதையும் விட்டுவிட்டு, தோட்டத்துக்கு மேலே ஒரு மணி நேர ஏற்றத்தில், குடை மாதிரி நீண்டிருந்த ஒரு பாறைக்கு அடியில் தங்கிக்கொண்டான். காட்டிலாகா வாச்சருக்கு அவன் இருப்பது தெரியும். மிருகம் பிடிக்க எங்காவது யாராவது சுருக்குக் கம்பி கட்டியிருந்தால் அவன் சொல்லிவிடுவான் என்பதால் விட்டுவிட்டார்.

நான் அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு தடவை கையைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தேன். அவன் கோபப்படவில்லை. "எனக்கு யார் மேலயும் வெறுப்பு இல்லண்ணே. இங்கன இருந்தாத்தான் எனக்கு ஒறக்கம் வருது" என்றான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு இழுப்பதை விட்டேன். கன்னத்தில் சதை வைத்திருந்தது. கண்ணில் கலக்கம் இல்லை.

அதன் பிறகு மாதத்தின் முதல் திங்கள்கிழமை நான் ஏறிப்போவேன். அரிசி, பருப்பு, கருப்பட்டி கொண்டுபோவேன். உப்பும் தீப்பெட்டியும் நனையாமல் இருக்க ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் வைத்துக் கொடுத்திருந்தேன். மரச்சீனி நட்டிருந்தான், ஒரு கிழங்கு அவன் பானைக்கு வந்து சேராது. "பன்னிக்கு வெவசாயம் பண்ணுதேன்" என்பான். இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டோம். கிளம்பும்போது இடுப்பில் முடிந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு குன்றிமணியை எடுத்துத் தருவான், பெரியவளுக்கு. உன் பென்சில் டப்பாவில் இருந்தது எல்லாம் அவன் பொறுக்கித் தந்ததுதான் மகளே. கோயில் கடையில் வாங்கியது என்று உன்னிடம் சொன்னேன்.

அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் இங்கன இருக்கது ஒனக்கும் மதினிக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும்ணே. வேற யார்ட்டயும் சொல்லாத." சரி என்றேன்.

கீழப்பாவூரில் ஒரு கல்யாணம். பெரியவள் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தாள், மூன்றாம் வகுப்பு. என் அத்தை, அதாவது உங்கள் தாத்தாவின் தங்கை, இலைக்கு முன்னால் வந்து நின்றாள். "ஏலே, ஒன் தம்பி எங்கனல இருக்கான்? கூடப் படிச்ச பயலுவ எல்லாம் வீடு கட்டிட்டானுவ." நான் தலையைக் குனிந்துகொண்டு சாம்பாரைப் பிசைந்தேன். எதிர் வரிசையில் இருந்த ஒருவர் சொன்னார்: "மெட்ராசுல மூள கலங்கிட்டாம்லா அவனுக்கு. எங்கயோ கட்டிப் போட்டிருக்கதா கேள்வி." நாலு பேர் சிரித்தார்கள். மகளே, நீ என் கையைத் தொட்டு, "சித்தப்பாவக் கட்டியா போட்டிருக்காங்க?" என்று கேட்டாய்.

உனக்காகத்தான் சொன்னேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் வெட்கத்துக்காகச் சொன்னேன். "கட்டிப் போடதுக்கு அவன் என்ன மாடா? மலைமேல தவத்துல இருக்கான். பத்து நாளைக்கு ஒருக்க ஒரு வாய்க் கஞ்சி. யானை வந்தாக்கூட அவன் பாறைக்கு முன்னால நின்னு பாத்துட்டுத்தான் போவும்."

சிரித்தவர் இலையைப் பார்த்தார். அத்தை ஈரக் கையோடு கும்பிட்டாள். எனக்கு அது இனித்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், பிள்ளைகளே. அதன் பிறகு ரயில்வே ஸ்டேஷனில் என் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமும், மலையைக் கையால் காட்டி, என் தம்பி அங்கேதான் இருக்கிறான் என்று கதையை வளர்த்தேன். ஒவ்வொரு தடவையும் யானைக்கு ஒரு வேலை கூடிக்கொண்டே போனது.

அத்தை மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடமாகக் குழந்தை இல்லை. ஒருநாள் அத்தை ஆட்டோ ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். என்னைக் கூட்டிட்டுப் போ, இல்லையென்றால் நானே தேடிப் போய்க்கொள்கிறேன் என்றாள். இல்லை என்று சொல்லியிருந்தால் பொய் வெளிப்பட்டுவிடும். கூட்டிப்போனேன். அறுபது வயது மனுஷி, நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள்.

அவனைப் பார்த்ததும் காலில் விழுந்துவிட்டாள். அவன் பதறிப் பின்னால் போனான். "அத்த, எந்திங்க, பாறை வழுக்கும். நாந்தான் அத்த, ஒங்க வீட்டு முறுக்கு டப்பாவ காலி பண்ணவன்" என்றான். அவள் கேட்கவே இல்லை. அவன் சோறு பொங்குகிற அடுப்பில் இருந்து ஒரு பிடி சாம்பலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் அத்தை மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. அவள் இரண்டு வருடமாகத் திருநெல்வேலியில் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தாள் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. அந்த மரத்தில் முதல் தொட்டிலைக் கட்டியது அத்தைதான். பிறகு இலத்தூரில் இருந்து வந்தார்கள், தென்காசியில் இருந்து வந்தார்கள், அருவிக்குக் குளிக்க வந்தவர்கள் ஈரத்துணியோடு வந்தார்கள். தோட்டத்து வாசல் வரைக்கும் பல பேரை நானே ஆட்டோவில் ஏற்றிப்போனேன். சாமியோட அண்ணாச்சி என்று என்னைக் கூப்பிட்டார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த முதல் திங்கள்கிழமை நான் போனபோது பாறைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவன் போனை உயர்த்திப் பிடித்து வீடியோவுக்குப் பேசிக்கொண்டிருந்தான். தம்பி அங்கே இல்லை. தேடி மேலே ஏறினேன். ஈட்டிமரத்துக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக் குந்தியிருந்தான். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தான்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை எடுத்துவிட்டுக் கேட்டான்.

"நீதான் சொன்னியாண்ணே?"

தலையாட்டினேன்.

"என்னயப் பத்திக் கேட்டா அசிங்கமா இருந்திச்சா?"

"ஆமாலே" என்றேன். அந்த ஒரு இடத்தில்தான் நான் உண்மை பேசினேன்.

மண்ணைக் கிளறினான். "பைத்தியம்னே சொல்லியிருக்கலாம்ணே" என்றான். "பைத்தியத்தப் பாக்க எவனும் மலையேற மாட்டான்."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். எல்லோரையும் தடுத்துவிடுகிறேன், இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று அழுதுகொண்டே சொன்னேன். செரி செரி என்று என் முதுகைத் தட்டினான், அருவிக்கரையில் நான் அவனைத் தட்டின மாதிரி. கிளம்பும்போது இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் குன்றிமணி கொடுத்தான். எப்போதும் பத்துப் பன்னிரண்டு. அன்று என் இரண்டு கையும் நிறைந்து கீழே சிந்தியது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் அவன் இல்லை. சோறு பொங்கும் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான். தகர டப்பாவில் உப்பு அப்படியே இருந்தது. மலை உச்சி வழியாக ஒரு ஆள் கேரளா பக்கம் நடந்துபோனதைத் தூரத்தில் இருந்து பார்த்ததாகவும், கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை என்றும் வாச்சர் சொன்னார். அச்சன்கோவில் வரை போய் அவன் போட்டோவைக் காட்டிக் கேட்டேன். "கண்டிட்டில்ல", பார்க்கவில்லை என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. உயிரோடு இருக்கிறானா என்றுகூட எனக்குத் தெரியாது.

அவன் போனதும் கூட்டம் குறையும் என்று நினைத்தேன். கூடிவிட்டது. சாமி பாறைக்குள் ஐக்கியமாகிவிட்டது என்று அத்தை சொன்னாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னது பொய், யானையும் பொய், அவன் ஆள் சத்தம் தாங்காமல் போனவன் என்று சொன்னேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "கூடப் பொறந்தவனுக்கே தெரியல பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

அதனால் நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். யாராவது கேட்டால், எங்கள் சித்தப்பா தனியாக இருக்க ஆசைப்பட்ட ஒரு நல்ல மனுஷன், எங்கள் அப்பா அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று சொல்லுங்கள். எனக்கு அசிங்கமாக இருக்குமே என்று நினைக்க வேண்டாம்.

நீங்கள் அந்த வீடியோவைப் பார்த்த மறுநாள் நல்ல மழை. எல்லா அருவியிலும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். ஸ்டேஷனில் சவாரி இல்லை. உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் மலை ஏறினேன். பாறையில் ஒருவரும் இல்லை. மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்து வைத்தேன். மாலைகளையும், அவன் முகத்தைச் சுற்றி யாரோ ஒளிவட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தையும் எடுத்தேன். தொட்டில்களில் கை வைக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பெண் கட்டியது. ஓடையில் இருந்து அவன் பானையில் தண்ணீர் மொண்டு வந்து, தோள் துண்டை நனைத்து, சந்தனத்தையும் குங்குமத்தையும் தேய்த்துக் கழுவினேன். காய்ந்து ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினேன். பதினைந்து இருபது பானைத் தண்ணீர் இருக்கும். கடைசியில் அது நான் முதலில் பார்த்த மாதிரி, கருப்பாய், வெறும் பாறையாய் நின்றது. பானையைக் கவிழ்த்தேன். டப்பாவில் புது உப்பும் தீப்பெட்டியும் வைத்து மூடினேன்.

அவன் பேரைச் சொல்லி வாயைத் திறந்து கூப்பிடவில்லை. சருகுகூட மிதிபடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினேன்.