கடிதத்தில் வந்த கப்பல்

எழுபத்தொன்றாம் ஆண்டு சண்டையின்போது நாட்டுக்கு என்னால் ஓர் ஆபத்து வந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கோட்டாற்றிலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புட்டுக்கு மாவு நனைக்கவே சரியாக வராத நான், துறைமுகத்தைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு முன்னேறியிருந்தேனாம்.

கொச்சியில் கடற்படை இருந்ததால், ஊரே உளவாளி தேடியது. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். கொச்சங்காடியில் புறா வளர்த்த ஒருவரைப் போலீஸ் இரண்டு முறை விசாரித்தது. புறாக்களையும் விசாரித்திருப்பார்கள், பாஷை தெரியவில்லை.

என் உம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரையும் போல, பேசுகிற தமிழை அரபு எழுத்தில் எழுதுவார். ஓதுவதற்காகக் கற்ற அந்த எழுத்து ஒன்றுதான் அவருக்குத் தெரியும். தபாலாபீஸில் பிடிபட்ட அப்படியொரு கடிதத்தைப் பற்றிக் கேட்கத்தான், தபால்காரருக்குப் பதிலாக ஒரு ஏட்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஸ்டேஷன் வரெ ஒண்ணு வரணம்."

மிளகுக் கிடங்கில் வேலையாக இருந்த என் கணவரும் செய்தி கேட்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டார்.

எஸ்.ஐ.யின் மேசையில் உம்மாவின் கடிதம் விரித்துக் கிடந்தது. பக்கத்தில், உருது தெரியும் என்பதற்காக அழைத்துவரப்பட்ட ஒரு தையற்காரர்.

"எழுத்து எல்லாம் வாயிக்காம் சார். அர்த்தம் மாத்ரம் ஒண்ணும் மனசிலாயில்ல" என்றார் அவர், அரைகுறை மலையாளத்தில்.

"அப்போ ரகசிய பாஷை தன்னே" என்று எஸ்.ஐ. முடிவு கட்டினார். தையற்காரர் வாசித்ததில் 'கப்பல்' என்ற சொல் மட்டும் எல்லோருக்கும் புரிந்திருந்தது. மலையாளத்திலும் கப்பல் கப்பல்தான். எஸ்.ஐ. கடிதத்தை என்னிடம் நீட்டினார். "வாயிக்கு."

வாசித்தேன்.

"மகளே, கப்பல் இன்னும் அங்கேதான் நிக்குதா? கப்பலுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி போகுது? கப்பல் எப்போ கிளம்பும்னு தெரிஞ்சதும் உடனே எனக்கு எழுது."

ஏட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். என் கணவரின் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை மாதமாக யாரோடு குடும்பம் நடத்துகிறோம் என்று அவரும் யோசித்திருப்பார்.

"ஏது கப்பலாணு?"

தேசத்துரோகமா, குடும்பத்துரோகமா என்று தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

"அது கப்பல் இல்லை சார். எங்க மாமி."

"ஆரு?"

"இவரோட உம்மா. பத்து நாள் இருக்கணும்னு வந்தாங்க. நாலு மாசமாச்சு."

எஸ்.ஐ. என் கணவர் பக்கம் திரும்பினார். "நிங்ஙளுடெ உம்மா தடிச்சிட்டாணோ?"

"கொஞ்சம்."

"சத்தியம் பறயணம்."

"நல்லாவே சார்" என்றார் தலையைக் குனிந்தபடி. பெற்றவளைப் பற்றி அரசாங்கத்திடம் இப்படி வாக்குமூலம் கொடுத்த மகன் அந்தச் சண்டையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

இனி அரசாங்கத்துக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில்தான் கடிதம் வரவேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். பஜார் வந்ததும் என் கணவர் என் பக்கம் திரும்பினார். "நாலு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார்.

"சொன்னா கோவிச்சுக்குவீங்க."

"இப்போ ஸ்டேஷன்ல வச்சுச் சொன்னியே, அதுக்குக் கோவிச்சுக்கட்டா?" என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியிடம் அவர் எதையும் சொல்லவில்லை. சண்டைக் காலத்தில் கடலோரத்தில் இருப்பது ஆபத்து என்று பயமுறுத்தி, அந்த வாரமே ரயிலேற்றிவிட்டார்.

சண்டை இரண்டு வாரத்தில் முடிந்தது. எங்களுக்கு இட்ட உத்தரவை ரத்து செய்ய மட்டும் யாருக்கும் நினைவு வரவில்லை. என் உம்மா பயந்துபோய், பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் சொல்லித் தமிழில் எழுதச் செய்தார். நலம், நலமறிய ஆவல். அடுத்த வருஷம் எனக்குக் கர்ப்பம் கலைந்தபோதும் அந்தக் கையெழுத்தில்தான் பதில் வந்தது: "செய்தி அறிந்து மிகவும் வருந்தினோம். உடல்நலத்தைப் பேணிக்கொள்ளவும்."

உம்மா என்னிடம் ஒருநாளும் 'கொள்ளவும்' என்று பேசியதில்லை.